கட்டிய நிறுவனம் நீக்கப்பட்டால் காத்திருக்க வேண்டுமா? இங்கிலாந்தில் அடுக்குமாடி வீடு வைத்திருப்போருக்கு நான்கு வழிகள்

“அண்ணா, எங்கள் கட்டடத்தைக் கட்டியவர்கள் ‘விரைவில் வேலை தொடங்கும்’ என்று மூன்று வருடமாகக் கடிதம் மட்டுமே அனுப்புகிறார்கள். அரசு அவர்களைப் பாதுகாப்புத் திட்டத்திலிருந்து நீக்கினால் எங்களுக்கு நல்லதா, கெட்டதா? அவர்கள் திரும்பச் சேரும் வரை நாங்கள் காத்திருக்க வேண்டுமா?”

ஈஸ்ட்ஹாமில் வீடு வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. வேறு இருவரும் இதையே வேறு சொற்களில் கேட்டார்கள். மூவருக்கும் தொலைபேசியில் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன். நான் வழக்கறிஞர் அல்லன். கிளாடிங் (கட்டடத்தின் வெளிச்சுவரை மூடும் பலகைகள்) சிக்கல் இருந்த ஒரு கட்டடத்தில் குடியிருந்து, குடியிருப்பாளர் சங்கத்தில் உட்கார்ந்து, இந்தக் கடிதங்களையெல்லாம் படித்தவன். எங்கள் கட்டடத்தில் தீக்காவலர்கள் இரவெல்லாம் மாடி மாடியாக நடந்த மாதங்கள் உண்டு. அந்தக் காலடி ஓசையில் குழந்தைகளைத் தூங்க வைத்தவர்களுக்குக் காத்திருப்பது என்றால் என்னவென்று தெரியும்.

நீக்கம் என்றால் என்ன?

2017 ஜூன் 14 அன்று லண்டனின் கிரென்ஃபெல் அடுக்குமாடிக் கோபுரத் தீயில் 72 பேர் இறந்தார்கள். அதன் பின்விளைவாக வந்ததுதான் 2022ஆம் ஆண்டின் கட்டடப் பாதுகாப்புச் சட்டம். அந்தச் சட்டத்தின் கீழ் 2023 ஜூலை 4 முதல் ‘ரெஸ்பான்சிபிள் ஆக்டர்ஸ் ஸ்கீம்’ என்ற திட்டம், தம்பி கேட்ட அந்தப் பாதுகாப்புத் திட்டம், இங்கிலாந்தில் நடைமுறையில் இருக்கிறது. வீடு கட்டுவதையே முதன்மைத் தொழிலாகக் கொண்டு, 2017 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக ஒரு கோடி பவுண்டு அல்லது அதற்கு மேல் செயல்பாட்டு லாபம் ஈட்டிய நிறுவனங்களே இதன் முதல் இலக்கு. உறுப்பினராக இருக்க வேண்டுமானால் அவை அரசுடன் சீரமைப்பு ஒப்பந்தம் செய்து, அதன்படி நடக்க வேண்டும். 2022 ஏப்ரல் 4க்கு முந்தைய 30 ஆண்டுகளில் தாங்கள் கட்டிய அல்லது புதுப்பித்த, 11 மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புக் கட்டடங்களில் உயிருக்கு ஆபத்தான தீப்பாதுகாப்புக் குறைகளைத் தங்கள் செலவில் சரிசெய்ய வேண்டும். அரசு ஏற்கெனவே செலவழித்திருந்தால் அதைத் திருப்பித் தர வேண்டும்.

நிபந்தனையை மீறினால் உறுப்பினர் தகுதி ரத்தாகலாம். அப்போது இரண்டு தடைகள் விழும். பெரிய கட்டுமானத் திட்டங்களை, அதற்கான திட்ட அனுமதி கையில் இருந்தாலும், நடத்த முடியாது. கட்டட விதிகளின்படியான ஒப்புதலும் கிடைக்காது. ஒப்புதல் இல்லாமல் புது வீட்டை யாரிடமும் ஒப்படைக்க முடியாது என்பதால் இரண்டாவது தடைதான் ஆழமாக வெட்டும். ஏற்கெனவே வாங்குவதாக ஒப்பந்தம் பரிமாறிக்கொண்டவர்களைக் காக்கச் சில விதிவிலக்குகள் உண்டு. தடைக்கு உள்ளானவர்களின் பெயர் பொதுப் பட்டியலில் வரும். அவர்களின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களையும் தடை தொடும்.

இதில் பலரும் குழம்பும் இடம் ஒன்று இருக்கிறது. உறுப்பினர் தகுதி வேறு, கையொப்பமிட்ட ஒப்பந்தம் வேறு. தகுதி பறிபோய்விட்டது என்று சொல்லி, ஒப்பந்தக் கடமையிலிருந்து நிறுவனம் நழுவ முடியாது. ஆனால் அந்த ஒப்பந்தம் அரசுக்கும் நிறுவனத்துக்கும் இடையிலானது. வீட்டுக்காரரான நீங்கள் அதில் ஒரு தரப்பு அல்ல. நீக்கம் என்பது அரசின் கையில் உள்ள சாட்டை. அது சுழல்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது உங்கள் வேலை அல்ல.

எதை வைத்து எடைபோடுவது?

நான் ஐந்து கேள்விகள் கேட்பேன். வேலை எப்போது தொடங்கும்? அதுவரை உங்கள் பையிலிருந்து எவ்வளவு போகும்? கிளாடிங் மட்டுமா, உள்ளே இருக்கும் தீத்தடுப்புக் குறைகளுமா, எவை சரியாகும்? முதல் அடியை எடுத்துவைக்க உங்களால் முடியுமா, அல்லது இன்னொருவர் மனம் வைக்க வேண்டுமா? இடையில் வீட்டை விற்கவோ கடனை மாற்றவோ முடியுமா?

இவற்றுக்கெல்லாம் முன்னால், உங்கள் லீஸ், அதாவது நில உரிமையாளரிடமிருந்து வீட்டைப் பெற்ற நீண்டகாலக் குத்தகை, சட்டப் பாதுகாப்புக்குத் தகுதியானதா என்று பாருங்கள். கட்டடம் 11 மீட்டர் உயரம் அல்லது ஐந்து மாடி இருக்க வேண்டும். லீஸ் 2022 பிப்ரவரி 14க்கு முன் வழங்கப்பட்டிருக்க வேண்டும். அந்த நாளில் அது உங்கள் முதன்மை வீடாக இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஐக்கிய இராச்சியத்தில் உங்களுக்கு மொத்தம் மூன்று வீடுகளுக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. யாழ்ப்பாணத்து வீடும் சென்னை வீடும் இந்தக் கணக்கில் வராது. இதைத் தெரியாமல் ‘நமக்குப் பாதுகாப்பு இல்லை’ என்று ஒதுங்கிப்போன குடும்பங்களை நான் அறிவேன். அந்த நாளுக்குப் பிறகு வாங்கியவர்களுக்கும் முந்தைய உரிமையாளரின் தகுதி லீஸோடு சேர்ந்தே வரும்.

தகுதியான லீஸ் என்றால் கிளாடிங் சீரமைப்புக்காகப் பராமரிப்புக் கட்டணத்தில் ஒரு பென்னி கூடக் கேட்க முடியாது. மற்றக் குறைகளுக்கு உச்சவரம்பு உண்டு: பெரும்பாலான வீடுகளுக்கு லண்டனில் 15,000 பவுண்டு, வெளியே 10,000 பவுண்டு. பத்து இலட்சம் பவுண்டைத் தாண்டிய வீடுகளுக்கு வரம்பு உயரும். லண்டனில் 3,25,000 பவுண்டுக்கும் வெளியே 1,75,000 பவுண்டுக்கும் குறைந்த மதிப்புள்ள வீடுகளுக்கு எதுவுமே கட்ட வேண்டியதில்லை. நில உரிமையாளரே கட்டடத்தைக் கட்டியவராகவோ அவரோடு தொடர்புடையவராகவோ இருந்தால், அந்தக் குறைகளுக்காக உங்களிடம் கேட்கவே முடியாது.

வழி 1: நிறுவனம் மீண்டும் உறுப்பினராகும் வரை காத்திருப்பது

நீக்கப்பட்ட நிறுவனம் திரும்பச் சேர விண்ணப்பிக்கலாம். எந்த மீறலுக்காக நீக்கப்பட்டதோ அதைச் சரிசெய்து, இனி ஒழுங்காக நடப்போம் என்று அமைச்சருக்கு நம்பிக்கை ஏற்படுத்தினால் ஒழிய வாசல் திறக்காது. ஆகவே, மீண்டும் சேர உண்மையில் முயலும் நிறுவனம் உங்கள் கட்டடத்தில் வேலை செய்தாக வேண்டும். இந்த வழியில் உள்ள ஒரே பெரிய நன்மை இதுதான். ஒப்பந்தம் உள்ளே இருக்கும் தீத்தடுப்புக் குறைகளையும் சேர்த்தே பேசுகிறது. வேலை முழுதாக நடந்தால் உங்களுக்குச் செலவில்லை.

ஆனால் அந்த நிறுவனத்துக்குத் திரும்பி வர உண்மையான பசி இருக்கிறதா? இதை நீங்களே கண்டுபிடிக்கலாம். அவர்களின் இணையதளத்தில் புது வீடுகள் விற்பனைக்கு இருக்கின்றனவா என்று பாருங்கள். உள்ளூர் மன்றத்தின் திட்ட அனுமதிப் பதிவேட்டில் அவர்களின் பெயரில் புது விண்ணப்பங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். நிறுவனப் பதிவகமான கம்பனீஸ் ஹவுஸில் கணக்குகளை ஒழுங்காகத் தாக்கல் செய்கிறார்களா, இயக்குநர்கள் ஒவ்வொருவராக விலகுகிறார்களா என்று பாருங்கள். இவை எல்லாமே இலவசம். பத்து இடங்களில் கட்டிக்கொண்டிருக்கும் நிறுவனத்துக்குத் தடை கழுத்தைப் பிடிக்கும். அது ஓடி வரும். தொழிலைச் சுருட்டிக்கொண்டிருக்கும் நிறுவனத்துக்கோ தடையால் இழக்க எதுவும் இல்லை. கட்டப்போவதே இல்லை என்பவரை ‘நீ கட்டக் கூடாது’ என்று தடுத்து என்ன பயன்?

மறைந்திருக்கும் செலவுகள் இந்த வழியில்தான் அதிகம். காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் கட்டடக் காப்பீட்டுக்கு உயர்ந்த தொகை போகும். வீடு விற்காது, அல்லது அடிமாட்டு விலைக்குப் போகும். பிள்ளை பிறந்து இன்னோர் அறை தேவைப்படும் தம்பதி அதே வீட்டில் முடங்குவார்கள். இவை எந்த உச்சவரம்புக்குள்ளும் வராத இழப்புகள்.

என் தீர்ப்பு: காத்திருப்பதை மட்டும் ஒரு வழியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நிறுவனம் எழுத்தில் தேதி தந்து, கட்டடத்தை ஆய்வு செய்து, ஒப்பந்தக்காரரையும் நியமித்துவிட்டது என்றால் குறித்த காலத்துக்கு மட்டும் பொறுக்கலாம். கடிதம் மட்டும் வந்தால் பொறுக்க வேண்டாம்.

வழி 2: அரசு நிதிக்கு மாறுவது

2023 ஜூலையில் முழுமையாகத் திறக்கப்பட்ட ‘கிளாடிங் சேஃப்டி ஸ்கீம்’, கட்டியவர் யார் என்று தெரியாத அல்லது பொறுப்பேற்க ஆளில்லாத 11 மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்காக அமைந்தது. அரசின் வீட்டுவசதி அமைப்பான ஹோம்ஸ் இங்கிலாந்து இதை நடத்துகிறது. லண்டனில் 18 மீட்டருக்கு மேற்பட்டவற்றுக்கு வேறு நிதி, வேறு கதவு.

இதில் மூன்று முட்கள் உண்டு. விண்ணப்பிக்க வேண்டியவர் நீங்கள் அல்ல, கட்டடத்துக்குப் பொறுப்பானவர், அதாவது நில உரிமையாளர் அல்லது நிர்வாக நிறுவனம். கட்டடத்தைப் பற்றித் தகவல் கொடுத்துக் கவனத்துக்குக் கொண்டுவர உங்களால் முடியும், அவ்வளவே. அடுத்து, பணம் வெளிச்சுவருக்கு மட்டும். மாடிகளுக்கிடையே தீத்தடுப்பு இல்லாமல் விட்ட இடைவெளிகளும் தாங்காத கதவுகளும் அப்படியே இருக்கும். கிளாடிங் மாற்றிய கையோடு இன்னொரு சண்டை தொடங்கும். மூன்றாவது, உங்கள் கட்டடம் ஒப்பந்தப் பட்டியலில் இருக்கும்போது ‘அது நிறுவனத்தின் பொறுப்பு’ என்று நிதிக்கதவு மூடியிருப்பதே வழக்கம். நீக்கம் நடந்துவிட்டால், ‘எங்கள் கட்டடத்தை இப்போது எந்தக் கணக்கில் வைத்திருக்கிறீர்கள்?’ என்று அரசுத் துறைக்கும் ஹோம்ஸ் இங்கிலாந்துக்கும் எழுத்தில் கேளுங்கள். நீங்கள் அனுப்பும் முதல் கடிதம் இதுவாகவே இருக்கட்டும்.

நில உரிமையாளர் ஒத்துழைப்பவராகவும் சிக்கல் வெளிச்சுவரில் மட்டுமாகவும் இருந்தால் இதுவே அமைதியான வழி. கிளாடிங் குறையை நிறுவும் வெளிச்சுவர்த் தீ ஆய்வறிக்கை இல்லாமல் எதுவும் நகராது. அது இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

வழி 3: தீர்ப்பாயத்தில் சீரமைப்பு ஆணை

கட்டடப் பாதுகாப்புச் சட்டத்தின் 123ஆம் பிரிவு. பலர் அறியாத, ஆனால் வீட்டுக்காரர்களின் கையில் நேரடியாக இருக்கும் ஆயுதம் இது. பழுதுபார்க்கும் கடமை உள்ள நில உரிமையாளரை, ‘இன்ன குறைகளை இந்தத் தேதிக்குள் சரிசெய்’ என்று சொத்து வழக்குகளை விசாரிக்கும் முதல்நிலைத் தீர்ப்பாயம் உத்தரவிடலாம். கட்டியவர் திட்டத்தில் இருக்கிறாரா, நீக்கப்பட்டாரா, திரும்ப வந்தாரா என்பது இங்கே தடையாக வராது. யார் தவறு என்று நீங்கள் நிரூபிக்கவும் வேண்டாம். குறை இருக்கிறது, நில உரிமையாளருக்குக் கடமை இருக்கிறது என்று காட்டினால் போதும்.

முதல் ஆணை 2023இல் தெற்கு லண்டன் ஸ்ட்ரீதம் பகுதிக் கட்டடம் ஒன்றுக்கு வந்தது. அதை வாங்கியவர்கள் அந்தக் கட்டடத்து வீட்டுக்காரர்களே. உள்ளூர் மன்றமோ தீயணைப்புத் துறையோ அமைச்சரோ கூட விண்ணப்பிக்கலாம். ஸ்டீவனேஜ் நகரின் விஸ்டா டவருக்கு 2024இல் ஆணை பெற்றவர் அமைச்சர். ஆகவே மன்றத்தின் வீட்டுவசதிப் பிரிவுக்கு எழுதி, ‘நீங்கள் விண்ணப்பியுங்கள்’ என்று கேட்பதற்குத் தயங்காதீர்கள். அவர்கள் முன்வந்தால் உங்களுக்குச் செலவே இல்லை.

நீங்களே போனால், விண்ணப்பக் கட்டணம் பெரிதல்ல. தோற்றவர் வென்றவரின் வழக்குச் செலவைத் தர வேண்டும் என்ற வழக்கமான அச்சமும் இங்கே குறைவு. நியாயமற்ற முறையில் நடந்துகொண்டால்தான் அந்தச் சுமை வரும். நில உரிமையாளர் தன் வழக்கறிஞர் செலவைத் தகுதியான லீஸ்காரர்களின் பராமரிப்புக் கட்டணத்தில் ஏற்றவும் சட்டம் விடுவதில்லை. உண்மையான செலவு நிபுணர் அறிக்கையில் இருக்கிறது. நாற்பது வீடுகள் பகிர்ந்தால் தாங்கலாம், நால்வர் மட்டும் சுமந்தால் முதுகு ஒடியும். அதனால் கையெழுத்துச் சேகரிப்பதிலிருந்து தொடங்குங்கள். மாடிப்படிகளில் ஏறி ஒவ்வொரு கதவையும் தட்டுவது களைப்பான வேலைதான். எங்கள் கட்டடத்தில் அப்படித் தட்டிய பிறகுதான் மேல்மாடியில் ஓய்வுபெற்ற கட்டட அளவையாளர் ஒருவர் இருப்பது தெரியவந்தது.

குறை என்ன? ஆணை பணத்தை உருவாக்காது. நில உரிமையாளர் சொத்தில்லாத பெயரளவு நிறுவனம் என்றால், ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு மாவட்ட நீதிமன்றத்தில் நிறைவேற்றக் கேட்டு அலைய வேண்டியிருக்கும்.

வழி 4: பங்களிப்பு ஆணை

124ஆம் பிரிவு பணத்தைத் தேடிப் போகிறது. கட்டிய நிறுவனம், நில உரிமையாளர், அவர்களோடு தொடர்புடைய நிறுவனங்கள் ஆகியோரிடமிருந்து சீரமைப்புச் செலவை வாங்கித் தரும்படி தீர்ப்பாயம் உத்தரவிடலாம். அது நீதியானது, நியாயமானது என்று தீர்ப்பாயம் கருத வேண்டும். நீக்கப்பட்ட நிறுவனத்தின் மீது மிகக் கூர்மையாகப் பாயக்கூடியது இந்த வழிதான். கட்டுவதற்காகவே ஒரு சிறு நிறுவனத்தைத் தொடங்கி, வேலை முடிந்ததும் அதை வெறுமையாக விட்டுச் செல்லும் பழக்கத்துக்குச் சட்டம் இங்கே பதில் வைத்திருக்கிறது. 2022 பிப்ரவரி 14க்கு முந்தைய ஐந்தாண்டுகளில் ஒரே ஆள் இரண்டு நிறுவனங்களிலும் இயக்குநராக இருந்தாலே அவை தொடர்புடையவை ஆகிவிடும். விஸ்டா டவர் வழக்கில் 2025 ஜனவரியில் எழுபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு எதிராக 1.3 கோடி பவுண்டுக்கும் மேலான தொகைக்கு ஆணை பிறந்தது. தனிநபர்கள் மீது இந்த ஆணை பாயாது.

ஸ்ட்ராட்ஃபர்டில் 2012 ஒலிம்பிக் வீரர்கள் தங்கிய குடியிருப்பைப் பற்றிய வழக்கு இதைவிட முக்கியமானது. 2024 ஜனவரியில் சுமார் 1.8 கோடி பவுண்டு செலவுக்குத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. அரசு நிதி கிடைக்கிறதே என்ற வாதம் எடுபடவில்லை. பொதுப்பணம் கடைசிப் புகலிடம், கட்டியவரும் அவரோடு தொடர்புடையவர்களும்தான் முதலில் தர வேண்டும் என்பதே அதன் சாரம். 2025 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. நீக்கப்பட்ட நிறுவனம் ‘அரசு நிதி கேளுங்கள்’ என்று உங்களைத் திருப்பி அனுப்பினால் இந்தத் தீர்ப்பை அவர்கள் முன் வையுங்கள்.

தீக்காவல் போன்ற இடைக்கால ஏற்பாடுகளின் செலவையும் நிபுணர் அறிக்கைச் செலவையும் 2024 அக்டோபர் 31 முதல் இதில் தெளிவாகக் கேட்க முடியும். ஆனால் பெரிய நிறுவனங்கள் மேல்முறையீடு வரை போகும். ஸ்ட்ராட்ஃபர்ட் வழக்கில் முதல் தீர்ப்புக்கும் மேல்முறையீட்டுத் தீர்ப்புக்கும் இடையில் ஒன்றரை ஆண்டு ஓடியது. நல்ல வழக்கறிஞர் இல்லாமல் இதில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒரே பார்வையில்

| கேள்வி | காத்திருப்பது | அரசு நிதி | சீரமைப்பு ஆணை | பங்களிப்பு ஆணை |
|---|---|---|---|---|
| முதல் அடி யார் கையில்? | கட்டிய நிறுவனம், அமைச்சர் | நில உரிமையாளர் | உங்கள் கையில் | உங்கள் கையில் |
| எவை சரியாகும்? | வெளியும் உள்ளும் | வெளிச்சுவர் மட்டும் | வெளியும் உள்ளும் | வேலை அல்ல, பணம் |
| உங்கள் நேரடிச் செலவு | இல்லை | இல்லை | நிபுணர் அறிக்கை | நிபுணர், வழக்கறிஞர் |
| மறைந்த செலவு | காப்பீடு, விற்க முடியாமை | உட்குறைகளுக்கு இரண்டாவது போராட்டம் | நில உரிமையாளரிடம் பணமில்லாமை | மேல்முறையீட்டுக் காலம் |
| எப்போது பொருந்தும்? | எழுத்தில் தேதி இருந்தால் | கட்டியவர் காணாமல் போனால் | நில உரிமையாளர் அசையாவிட்டால் | குழுமத்தில் பணம் இருந்தால் |

கவர்ச்சியாகத் தோன்றும் ஒரு தவறு

‘எல்லோரும் சேர்ந்து நில உரிமையை வாங்கிவிடுவோம், பிறகு நாமே முடிவெடுக்கலாம்’ என்று கூட்டத்தில் ஒருவராவது சொல்வார். நல்ல எண்ணம்தான். ஆனால் வீட்டுக்காரர்களே நில உரிமையை வைத்திருக்கும் கட்டடம் உச்சவரம்புப் பாதுகாப்புக்குள் வராது. குறை தீராமல் வாங்கினால் கடனையும் சேர்த்து வாங்குகிறீர்கள். சீரமைப்பு முடியும் வரை இந்தப் பேச்சைத் தள்ளிவையுங்கள்.

விற்க அவசரப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. வேலை முடியாவிட்டாலும் லீஸ்காரர் உறுதிச் சான்றிதழ் (உங்கள் லீஸ் சட்டப் பாதுகாப்புக்குத் தகுதியானது என்று நீங்கள் கையெழுத்திட்டு உறுதிசெய்யும் ஆவணம்) இருந்தால் கடன் தர ஆறு பெரிய வீட்டுக்கடன் நிறுவனங்கள் 2023 ஜனவரியில் முன்வந்தன. ஒவ்வொரு விண்ணப்பத்தையும் அவர்கள் தனியாகத்தான் பார்ப்பார்கள். ஆனாலும் இந்தச் சான்றிதழ் இல்லாமல் சந்தைக்குப் போவதில் பயனில்லை.

தம்பிக்கு என்ன சொன்னேன்?

அவர் கட்டடத்தில் வெளிச்சுவரும் பழுது, உள்ளே தீத்தடுப்பும் பழுது. கட்டிய நிறுவனம் இன்னும் தொழிலில் இருக்கிறது. நில உரிமையாளர் கடிதத்துக்குப் பதில் எழுதுவதில்லை. இந்த நிலையில் அரசு நிதி பாதி வேலைதான் செய்யும். அதனால் 123ஆம் பிரிவில் இறங்கச் சொன்னேன். நில உரிமையாளரின் கணக்கில் பணம் இல்லை என்று தெரிந்தால் 124ஐயும் சேர்க்கலாம். நிறுவனம் நீக்கப்பட்டாலும், பிறகு திரும்பச் சேர்ந்தாலும் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற வேண்டாம், வேலை தொடங்கி ஒப்பந்தக்காரர் வாசலில் நிற்கும் வரை அது தீர்ப்பாயத்தில் இருக்கட்டும் என்றேன்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை இரண்டு என்றும் சொன்னேன். தன் லீஸ்காரர் உறுதிச் சான்றிதழை நிரப்பி நில உரிமையாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புவது. அதே உறையில், நில உரிமையாளர் சான்றிதழை (சீரமைப்புச் செலவு யார் தலையில் விழும் என்பதைத் தீர்மானிக்க அவர் தர வேண்டிய ஆவணம்) கேட்டு ஒரு கடிதம் வைப்பது. கேட்ட நான்கு வாரத்தில் அதைத் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தராவிட்டால், அந்த மௌனமே அவருக்கு எதிரான சான்றாகத் தீர்ப்பாயத்தின் மேசைக்குப் போகும்.